பலகையைத் தைத்தவர்கள்



வகுப்பறையில் ஆசிரியர் கேள்வி கேட்பதும் மாணவர் பதில் சொல்வதும் வழக்கம். அண்மையில் அது என் வகுப்பில் தலைகீழானது. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வரை வந்த செய்தியை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் குரல் உயர்ந்தது. நெஞ்சும் சற்று நிமிர்ந்தது. அந்நேரத்தில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் கையுயர்த்தினான்.

“ஐயா, அந்தக் கப்பல்ல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி வராம எப்படி அடைச்சாங்க?”

அவன் வீண் கேள்வி கேட்கவில்லை. ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ஈயக் குட்டைகளில் மீன் பிடிக்கும் பழக்கமுடையவர் அவன் தந்தை. அதற்காக வீட்டின் பின்புறத்தில் பிளைவுட் பலகையால் சிறு படகொன்றைத் தாமே செய்துகொண்டிருக்கிறார். படகு முடிந்துவிட்டது. ஆனால், பலகைகள் சேருமிடத்தில் நீர் கசிகிறது. இரண்டு முறை பசை பூசியும் பயனில்லை. மகன் அதை வீட்டில் பார்த்துவிட்டு வகுப்பில் கேட்கிறான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கப்பல்கள் எத்தனை ஊர்களை வென்றன என்று பட்டியலிடத் தெரிந்த எனக்கு, அக்கப்பலின் ஓர் இணைப்பு எவ்வாறு மூடப்பட்டது என்று சொல்லத் தெரியவில்லை. “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

இணைப்பில்தான் உயிர்

முதலில் ஓர் அடிப்படை. மரப்படகு பலகையின் நடுவில் உடைவது அரிது. பலகையும் பலகையும் சேரும் இடத்தில்தான் அது தோற்கிறது. மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அலை மோதும்போது படகின் உடல் வளைந்து நிமிரும். ஒவ்வொரு வளைவிலும் இணைப்பு ஒரு முறை திறக்கப் பார்க்கிறது.

ஆகவே இணைப்புக்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, இடைவெளியை அடைப்பது. மற்றொன்று, பலகைகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்வது. அடைப்பது மட்டும் இருந்தால் முதல் அலையிலேயே அது பெயர்ந்து விழும். பிடிப்பது மட்டும் இருந்தால் நீர் உள்ளே வரும். உலகின் எந்தக் கடற்கரையில் எந்த மக்கள் படகு கட்டினாலும் இவ்விரண்டுக்கும் விடை கண்டாக வேண்டும். கையருகே கிடைத்த பொருளைக் கொண்டே அவர்கள் விடை கண்டனர்.

தென்னை நார் தந்த விடை

நம் முன்னோர் கரையில் கையருகே கிடைத்தது தென்னை நார்.

சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடம் கரைக்கு மிக அருகில் உள்ளது. சென்னையில் துறைமுகம் கட்டும் பணி 1870-களில்தான் தொடங்கியது. அதற்கு முன்னர்க் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா என்ற படகுகள். அவற்றில் ஆணி இல்லை. உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்களும் இல்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின் மீது நாரையோ வைக்கோலையோ திணித்து, அதன் மேல் தென்னங்கயிற்றால் இறுகத் தைத்துவிடுவார்கள். அடைப்பும் பிடிப்பும் ஒரே தையலில் முடிந்தன.

ஐரோப்பியரின் வலுவான ஆணிப் படகுகள் அந்த அலையில் அடிபட்டு உடைந்தபோது, மசூலா வளைந்து கொடுத்துக் கரையேறியது. ஆணி விறைப்பானது, பலகை அசையும்போது தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். கயிறோ சற்று நீண்டு, மீண்டும் இறுகும்.

ஏன் தென்னை நார்? பருத்தி நூல் மெல்லியது, தைக்க எளியது. ஆனால் ஈரத்தில் விரைவில் மக்கும். தென்னை நாரில் மரத்தை மரமாக்கும் லிக்னின் என்ற பொருள் மிகுதி. மட்டையை உவர்நீரில் பல மாதம் ஊறவைத்து, அடித்து, நார் பிரித்துத் திரிக்கப்படும் கயிறு உப்புநீரைத் தாங்கும். கேரளத்தில் கெட்டுவள்ளம் என்ற பெயரே இதைச் சொல்கிறது. கட்டப்பட்ட வள்ளம், ஆணி அடிக்கப்பட்ட வள்ளம் அன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தையல் நிரந்தரமானதன்று. கயிறு தளரும், தேயும். குறித்த காலத்தில் தையலைப் பிரித்துப் புதுக்கயிற்றால் மீண்டும் தைக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் ஓர்மசு துறைமுகத்தில் தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, தென்னங்கயிறு கடல்நீரில் கெடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் புயலைத் தாங்காது என்று குறையும் கூறினார். இரண்டையும் மாணவர்களுக்குச் சொல்வதே நேர்மை. நம் முன்னோரின் தொழில்நுட்பம் குறையற்றது என்று சொல்லத் தேவையில்லை. எந்த இடத்திற்கு எது பொருந்தும் என்று அவர்கள் அறிந்திருந்தனர் என்பதே போதுமான பெருமை.

நம் நாட்டு மரங்கள் தந்த விடை

இனி, நாம் வாழும் இம்மண்ணுக்கு வருவோம்.

1926-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்தின் பொந்தியான் ஆற்றருகே பழைய படகொன்றின் பகுதிகள் கிடைத்தன. பின்னாளில் செய்யப்பட்ட கரிமக் காலக்கணிப்பு, அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது எனக் காட்டியது. சோழர் வருகைக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது! அதன் பலகைகள் மர முளைகளாலும் நார்க்கயிற்றாலும் இணைக்கப்பட்டிருந்தன. அந்த நார், மலாய்க்காரர் ஈஜோக் என்று அழைக்கும் கருநிற நார். கள்ளும் சர்க்கரையும் தரும் ஒருவகைப் பனையிலிருந்து கிடைப்பது. அங்கே தென்னை, இங்கே இன்னொரு பனை. சிந்தனை ஒன்றே.

திரெங்கானுவின் மலாய்த் தச்சர்கள் செங்கால் மரப்பலகைகளை ஆணியின்றி மர முளைகளால் அடுக்கி இணைப்பதில் பெயர் பெற்றவர்கள். இரு பலகைகளுக்கிடையே அவர்கள் வைக்கும் பொருள் கெலாம் மரத்தின் பட்டை. தாள்தாளாக உரியும் மென்மையான பட்டை அது. நனைந்ததும் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் என்ற ஊர்ப்பெயர் இம்மரத்தால் வந்ததுதான். கசியும் இடங்களுக்கு டாமார் என்ற மரப்பிசினை எண்ணெயில் குழைத்துப் பூசினர். நம் வீட்டில் சாம்பிராணியோடு புகைக்கும் குங்கிலியத்தின் உறவுதான் டாமார்.

இந்தக் கெலாம் பட்டை ஒரு கப்பலின் வரலாற்றையே சொல்லியிருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலொன்று கண்டெடுக்கப்பட்டது. சீனத் தாங் அரச காலப் பீங்கான்கள் ஏறத்தாழ 60,000 அதில் இருந்தன. பலகைகள் தைக்கப்பட்டிருந்த முறையும் மர வகையும் அது மேற்காசியப் பாணியில் கட்டப்பட்டதென்று காட்டின. ஆனால், தையலுக்கடியில் திணிக்கப்பட்டிருந்த அடைப்புப் பொருள் மேற்காசியாவில் வளராத கெலாம் வகை மரப்பட்டை! ஆகவே அக்கப்பல் நம் வட்டாரத்துக் கரையொன்றில் நின்று, தையல் பிரிக்கப்பட்டு, இங்குள்ளவர் தந்த பொருளால் மீண்டும் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர். எந்தக் கல்வெட்டிலும் எழுதப்படாத ஒரு செய்தியை ஓர் இணைப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது.

அக்கப்பலை மாதிரியாகக் கொண்டு ஓமானில் ஆணியின்றித் தைக்கப்பட்ட ‘மஸ்கட் மணி’ என்ற பொருள்படும் பாய்மரக் கப்பல், 2010-ஆம் ஆண்டில் கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. தைத்த கப்பல் பெருங்கடலைக் கடக்குமா என்று ஐயுற்றவர்களுக்கு அதுவே விடை.

பேராவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலுள்ள கோலா செலின்சிங் என்ற இடத்தில் 1920-களிலும் 1930-களிலும் ஐவர் ஈவன்ஸ் அகழாய்வு செய்தார். மணிகள், பானை ஓடுகள், படகில் வைத்துப் புதைக்கப்பட்ட மனிதர்களின் எச்சங்கள் ஆகியவை அவ்விடத்தில் கிடைத்துள்ளன. விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த சிறு கல்முத்திரை ஒன்றும் கிடைத்தது. அம்முத்திரையைப் பலரும் அறிவர். பெயர் இருப்பதால் அது புகழ்பெற்றது. அங்கிருந்த படகைக் குடைந்த கைக்குப் பெயரில்லை.

ஆணியும் சுண்ணாம்பும் வந்தபோது

காலப்போக்கில் இரும்பாணி பரவியது. பிடிக்கும் வேலையை ஆணி எடுத்துக்கொண்டது. அடைக்கும் வேலை தனித் தொழிலாயிற்று. பலகை இடுக்கில் பஞ்சையோ நாரையோ உளியால் அடித்துச் செலுத்தி, மேலே பிசின் பூசும் அத்தொழிலுக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். அரபு மொழியோடு தொடர்புடைய சொல் அது. கடல் வழியே பொருள் மட்டுமா வந்தது? தொழிலும் சொல்லும் சேர்ந்தே வந்தன.

இவ்வாறு ஆணி அடித்துக் கட்டப்பட்ட தமிழர் கப்பல்களில் புகழ்பெற்றது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையின் அன்னபூரணி. 1930-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அப்பாய்மரக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்தி, 1938-இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை கொண்டு சேர்த்தனர்.

நம் பங்கோர் தீவிலும் கரையோர மீனவர் ஊர்களிலும் சீனத் தச்சர்கள் வேறொரு விடையைக் கொண்டுவந்தனர். சுண்ணாம்பையும் துங் எண்ணெயையும் நாரோடு இடித்துப் பிசைந்த கலவை அது. காய்ந்தபின் கல்போல் இறுகும். சீனக் கடற்கரை ஊர்களில் ஆங்கிலேயர் அக்கலவையைச் ‘சுனாம்’ என்று எழுதினர். நம் சுண்ணாம்புதான் அங்கே சுனாம்! சீனர் செய்த கலவைக்குத் தென்னிந்தியச் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துச் சென்றனர். இதைச் சொன்னபோது என் வகுப்பே சிரித்தது.

பால்மரமும் படகும்

நம் தோட்ட வரலாறும் இவ்விணைப்பில் வந்து சேர்கிறது.

1842-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஜெப்ரி என்ற ஆங்கிலேயர் கப்பல் பலகைகளை ஒட்டவும் இணைப்புகளை அடைக்கவும் ஒரு பசைக்குக் காப்புரிமை பெற்றார். நாப்தா எண்ணெயில் கரைத்த ரப்பரோடு அரக்கைச் சேர்த்துச் செய்த பசை அது. விறைத்துப்போகாமல் நெகிழ்ந்து கொடுப்பதே அதன் சிறப்பு. தென்னங்கயிறு செய்த வேலையைக் கப்பலின் இணைப்பில் ரப்பர் செய்தது. அன்று மலாயாவில் ரப்பர் தோட்டம் இல்லை. 1877-இல்தான் நம் பேராவின் கோலாகங்சாரில், சர் ஹியூ லோவின் இல்லத்துத் தோட்டத்தில், முதல் ரப்பர் கன்றுகள் சில நடப்பட்டன. அவற்றின் வழிவந்த காடுகள்தாம் நம் பாட்டன் பாட்டியரை இங்கு அழைத்தன.

அவர்கள் எப்படி வந்தனர்? நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணுக முடியாது. அது தொலைவில் நிற்கும். தோணிகளில் ஏற்றித்தான் ஆட்களைக் கப்பலில் சேர்ப்பர். 1930-களில் சிறுமியாக வந்த என் பாட்டி, கப்பலைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. தோணியைப் பற்றித்தான் சொல்வார். அலை தூக்கியபோது தம் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டதையும், காலடியில் நீர் தேங்கியதையும், ஒருவர் தகரக் குவளையால் அதை அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்ததையும் சொல்வார். பல ஆண்டுகள் அதை நான் ஒரு பாட்டியின் கதையாகவே கேட்டேன். இப்போதுதான் புரிகிறது. என் குடும்பத்தின் மலேசிய வரலாறு ஒரு படகின் இணைப்பு தாங்கியதால் தொடங்கியது.

மீண்டும் வந்த தையல்

மாணவனின் தந்தைக்கு வருவோம். அவர் செய்த தவறு என்ன? அடைத்தார், பிடிப்பைக் கொடுக்கவில்லை.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மிரர் என்ற சிறு பாய்ப்படகு வடிவமைக்கப்பட்டது. வீட்டிலேயே எவரும் செய்துகொள்ளத்தக்கது. பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுச் செப்புக்கம்பியால் தைத்து, இணைப்பின் மீது பிசினில் தோய்த்த கண்ணாடியிழை நாடாவை ஒட்டும் முறை அதனால் உலகெங்கும் பரவியது. இதுவரை அவ்வகையில் 70,000-க்கும் மேற்பட்ட படகுகள் செய்யப்பட்டுள்ளன. ‘தைத்து ஒட்டுதல்’ என்றே அம்முறைக்குப் பெயர். மசூலாக்காரர் கண்டால் புன்னகைத்திருப்பார்!

இம்முறையில் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் சில நுணுக்கங்கள் உள்ளன. வீட்டில் படகு செய்யும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன்.

1. பிசின்: பாலியெஸ்டர் பிசின் விலை மலிவு; ஆனால் மரத்தோடு அதன் பிடிப்பு குறைவு. ஈரம் புகுந்தால் நாடா தோல்போல் உரிந்து வரக்கூடும். எபாக்சி விலை கூடியது. மரத்தை நன்கு பற்றும். இணைப்புக்கு எபாக்சியே ஏற்றது.

2. நாடா: நெய்யப்பட்ட கண்ணாடியிழை நாடாவையே பயன்படுத்த வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நறுக்கிய இழைப் பாய் பெரும்பாலும் பாலியெஸ்டருக்காகவே செய்யப்பட்டது. அதன் இழைகளைச் சேர்க்கும் பசை எபாக்சியில் கரைவதில்லை.

3. இழையின் திசை: இணைப்பைக் குறுக்காகக் கடக்கும் இழைகளே அதைப் பிடிக்கின்றன. இணைப்பின் நீளத்திலேயே ஓடும் இழையால் பயன் சிறிதே. இரு திசையிலும் சாய்வாக ஓடும் இழைத்துணியில் எல்லா இழைகளும் இணைப்பைக் கடக்கின்றன. தென்னங்கயிறு இணைப்பின் குறுக்கே சென்றதும் இதே காரணத்தால்தான்.

4. உள்மூலை: நாடாவைக் கூர்மையான மூலையில் மடிக்கக்கூடாது. எபாக்சியில் மரத்தூளைக் குழைத்து மூலையை வளைவாக நிரப்பி, அதன்மேல் ஒட்ட வேண்டும். உள்ளும் புறமும் நாடா வேண்டும். உள்ளே மட்டும் ஒட்டினால் பலகை எதிர்ப்புறம் வளையும்போது இணைப்பு திறக்கும்.

5. ஈரம்: மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே பூசிய பழைய பசையை முற்றாகச் சுரண்டாமல் மேலே ஒட்டுவது வீண்வேலை. கையுறை அணியவும், காற்றோட்டமான இடத்தில் செய்யவும்.

இவற்றை எழுதி மாணவனிடம் கொடுத்தனுப்பினேன். ஈயக் குட்டைகள் கரையிலிருந்து சில அடியிலேயே ஆழமாகிவிடுபவை. படகு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மிதவைச் சட்டை இன்றி யாரும் ஏறக்கூடாது என்று அடிக்கோடிட்டும் எழுதினேன்.

வகுப்பில் நாம் செய்யத்தக்கது

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். சிறு பலகைத் துண்டுகளை மூன்று வகையில் இணைத்தோம். ஒன்று வெள்ளைப் பசையால். ஒன்று தென்னங்கயிற்றால் மட்டும். ஒன்று நார் திணித்துத் தென்னங்கயிற்றால் இறுகத் தைத்து மெழுகு பூசி. மூன்றையும் நீர்த்தொட்டியில் இட்டோம். வெள்ளைப் பசை முதல் நாள் வெற்றி பெற்றது. மறுநாள் காலையில் குழைந்து பிரிந்து கிடந்தது. வெறுந்தையல் பிரியவில்லை, ஆனால் ஒழுகியது. மூன்றாவது முதலில் சற்றுக் கசிந்து, நார் ஊறியபின் பெரும்பாலும் நின்றது. மாணவர்கள் கை கொப்பளிக்கத் தைத்தனர். துளை நேராக இல்லையென்றால் கயிறு இறுகாது என்பதைத் தாங்களாகவே கண்டனர்.

அன்று நான் இராசேந்திரனைப் பற்றி மீண்டும் பேசினேன். அவன் மெய்க்கீர்த்தி அலைகடல் நடுவே கலங்களைச் செலுத்தியதைச் சொல்கிறது. வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. கலம் கட்டிய தச்சனைச் சொல்லவில்லை. மட்டையை ஊறவைத்து அடித்தவரை, கயிறு திரித்த பெண்களை, ஒவ்வொரு முறையும் தையலைப் பிரித்துத் தைத்தவரைச் சொல்லவில்லை. அவர்கள் கை தளர்ந்திருந்தால் எந்தப் படையும் கடாரத்தைக் கண்டிருக்காது.

நாம் தோட்டத்து மக்களின் பிள்ளைகள். பால் வெட்டியவர் பெயர் எந்த நிறுவனத்தின் வரலாற்றிலும் முதல் பக்கத்தில் இல்லை என்பதை அறிந்தவர்கள். அப்படியிருக்க, நாமே வகுப்பறையில் மன்னரை மட்டும் பாடிக்கொண்டிருப்பது முறையா? மன்னரைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை. மன்னரின் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது அதன் இணைப்பைப் பற்றியும் சொல்வோம். அந்த இணைப்பில் தமிழர் கயிறும் மலாய்க்காரர் மரப்பட்டையும் சீனர் சுண்ணாம்பும் அரபியர் சொல்லும் கலந்திருப்பதையும் மறைக்காமல் சொல்வோம். பெருமை அதனால் குறையாது, உண்மையாகும்.

சில நாள்களுக்குப் பின் அம்மாணவன் வந்தான்.

“ஐயா, அப்பா பழைய பசையெல்லாம் சொரண்டிட்டாரு. இப்போ கம்பி வெச்சுத் தைக்கிறாரு. நான்தான் ஓட்டை போட்டேன்.”

அவன் விரல்நுனியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை என்னிடம் உயர்த்திக் காட்டினான்.